நானோ சில்வர் டிரெஸ்ஸிங்: இனிப்புநீர் கால் புண்ணுக்கு வாங்கலாமா?

கிளினிக் மிஸ்ஸி (நர்ஸ்) எழுதி குடுத்து, அப்பா கால் புண்ணுக்கு சுங்கை சிப்புட் டவுன்ல வாங்குனோம், அல்ஜினேட் ஷீட்டு, மேல நானோ சில்வர் பூசினது. நீர் வடியிற, கிருமி பிடிச்ச புண்ணா இருந்தா தாராளமா வாங்கலாம்.

பிரிக்கிறப்ப வலி இல்ல, அதுக்கே காசு குடுக்கலாம். சாதா துணி புண்ணோட ஒட்டிக்கிட்டு, உரிக்கிறப்ப புதுசா வந்த சதையையும் சேத்து இழுத்துட்டு வரும், அப்பா பல்ல கடிச்சிட்டு உக்காந்திருப்பாரு, பாக்கவே முடியாது லா. அல்ஜினேட் கடல்பாசில இருந்து எடுக்கிறது, ஷீட்ல உள்ள கால்சியம் வெளிய வந்து புண்ணு நீர்ல இருக்கிற சோடியம் அந்த எடத்துக்கு போயிடும், உடனே நாரு எல்லாம் கொழகொழன்னு ஜெல்லாயிடும், கழுவுனா நழுவி வந்துடும்.

சில்வர் கிருமிக்கு. நானோன்னா கண்ணுக்கே தெரியாத பொடி, அத்தன பொடிசா இருக்கிறதால நீர் படுற பரப்பு ரொம்ப அதிகம், கிருமிய கொல்ற சில்வர் அயனி கொஞ்சம் கொஞ்சமா வந்துக்கிட்டே இருக்கும், அதனால தினமும் மாத்த வேண்டியதில்ல. எத்தன நாளுன்னு பாக்கெட்ல போட்டிருக்கும். வீட்ல நாத்தம் நல்லா கொறஞ்சிச்சி.

தோட்டத்துல பெரியவங்க இன்னும் "மூடாத, காத்துல காயட்டும்"னுதான் சொல்றாங்க. 1962லயே ஜார்ஜ் விண்டர்னு ஒருத்தர் பன்னி தோல்ல காட்டிட்டாரு, ஈரமா மூடி வச்ச காயத்துலதான் தோல் சீக்கிரம் மூடுது, காத்துல காய விட்டதுல அதுல பாதி வேகம்தான்.

விலை ஜாஸ்தி, பெட்டியா வாங்காம ஒரு பீஸ் ரெண்டு பீஸா கேளுங்க. காஞ்ச புண்ணுக்கு போடாதீங்க, அல்ஜினேட்டுக்கு நீர் வேணும். சில்வரால சுத்தி தோல் கொஞ்சம் கருக்கலாம், எம்ஆர்ஐ எடுக்க போனா போட்டிருக்கேன்னு முன்னாடியே சொல்லிடுங்க.

ஆனா சில்வர் போட்டா புண்ணு தானா ஆறிடும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. இது கிருமிய அடக்கும், அவ்வளவுதான், சக்கரை எறங்கணும், அந்த கால ஊனி நடக்க கூடாது. இனிப்புநீர்ல நெறைய பேருக்கு கால் மரத்துப்போயிருக்கும், வலி தெரியாது, "வலிக்கலயே"ன்னு செருப்ப மாட்டிட்டு செம்பனை காட்டுக்குள்ள எறங்கிடுறாங்க நம்ம ஆளுங்க, தயவுசெஞ்சி விடாதீங்க. செவப்பு பரவுச்சின்னா, வெரல் கருத்துச்சின்னா, காய்ச்சல் வந்துச்சின்னா டிரெஸ்ஸிங் மாத்திக்கிட்டு இருக்காம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போயிடுங்க.