சிரிப்பும் விடையும் ஒரே இடத்தில்: சத்துவாச்சாரியின் கணக்குக் கதை மாலை

வேலூர் சத்துவாச்சாரியில், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் தம் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறுதோறும் மாலை 5 மணிக்குக் கணக்குப் புதிர்களை நகைச்சுவைக் கதைகளாகச் சொல்லிவருகிறார். கட்டணம் பிள்ளைக்கு 50 ரூபாய். உடன் வரும் பெற்றோரிடம் பணம் வாங்குவதில்லை. பெயர்ப்பலகையோ விளம்பரமோ கிடையாது. பிள்ளைகள் சொல்லிப் பிள்ளைகள் வருகிறார்கள். காட்பாடி, இராணிப்பேட்டை, குடியாத்தம் என்று பழைய வட ஆற்காட்டின் ஊர்களிலிருந்தும் சிலர் பேருந்து ஏறி வருகிறார்கள். ஏழாம் வகுப்பு படிக்கும் மகளை அழைத்துக்கொண்டு தொடர்ந்து சென்றுவருபவன் என்ற முறையில், இந்த மாலை வகுப்பில் எது மிக நன்றாக இருக்கிறது, எது இன்னும் சரியாக அமையவில்லை என்பதை எழுத விரும்புகிறேன்.

கணக்கைக் கதையாகச் சொல்பவர்கள் பலர் உண்டு. பெரும்பாலும் கதை ஒரு பக்கமும் கணக்கு ஒரு பக்கமுமாக நிற்கும். பிள்ளைகள் கதைக்குச் சிரித்துவிட்டு, கணக்கு தொடங்கியதும் முகம் வாடிவிடுவார்கள். இந்த ஆசிரியரின் நல்ல கதைகளில் அப்படி நேர்வதில்லை. எந்தச் சொல்லில் சிரிப்பு வெடிக்கிறதோ அந்தச் சொல்லிலேயே கணக்கின் சூட்சுமமும் இருக்கிறது. ஏன் சிரித்தோம் என்று யோசிக்கும் பிள்ளை, தன்னை அறியாமல் விடையை யோசிக்கத் தொடங்கிவிடுகிறது.

ஆற்காட்டு மக்கன் பேடா கதையை இதற்கு முதல் சான்றாகச் சொல்வேன். தலைதீபாவளிக்கு வந்த மருமகன், பதினைந்து நாள் தங்கிப் போகும்படி மாமனார் உபசாரத்துக்குச் சொன்னதை உண்மையென்றே எடுத்துக்கொள்கிறான். அவன் கேட்பதெல்லாம் முதல் நாள் ஒரு பேடா, மறுநாள் இரண்டு, அதற்கு மறுநாள் நான்கு என்று நாளுக்கு நாள் இரட்டிப்பாக வேண்டும் என்பதுதான். கையை இறுக்கியே பழகிய மாமனார், ஒரு பேடாவில் தொடங்குகிறவன் எவ்வளவு தின்றுவிடப் போகிறான் என்று மகிழ்ந்து ஒப்புக்கொள்கிறார். ஏழு நாளில் 127 பேடா வாங்கியாகிவிட்டது. எட்டாம் நாள் காலையில் கடைக்குப் புறப்படும்போது கணக்குப் போட்டுப் பார்த்துத் திடுக்கிட்டவர், "ஏம்ப்பா, ஒரு வாரமா வாங்குனதை எல்லாம் இன்னிக்கு ஒரே நாள்ல வாங்கணுமா?" என்கிறார். மருமகன் மிகுந்த மரியாதையோடு, "இல்ல மாமா, அதுக்கு மேல ஒண்ணு" என்கிறான்.

மாடி முழுவதும் சிரிக்கிறது. சிரிப்பு அடங்கியதும் ஆசிரியர், அந்த 'ஒண்ணு' எட்டாம் நாள் மட்டுந்தான் வந்ததா என்று கேட்கிறார். பிள்ளைகள் முதல் நாளிலிருந்து எழுதிப் பார்க்கிறார்கள். ஒன்று வாங்கியிருந்தபோது அடுத்தது இரண்டு. மூன்று வாங்கியிருந்தபோது நான்கு. ஏழு வாங்கியிருந்தபோது எட்டு. ஒவ்வொரு நாளும், அதுவரை வாங்கிய மொத்தத்தைவிட ஒன்று கூடுதல். பதினைந்தாம் நாளுக்கு மட்டும் 16,384, மொத்தம் 32,767 என்பதை அவர்களே கண்டுபிடித்த பிறகுதான் அடுக்குக் குறி பலகைக்கு வருகிறது. பெருக்குத் தொடரின் கூட்டலுக்கு நான் பள்ளியில் மனப்பாடம் செய்த சூத்திரம், மருமகனின் அந்த ஒரு வாய்ச்சொல்லுக்குள் முழுவதும் அடங்கியிருப்பதைக் கண்டு எனக்கு மிகுந்த மகிழ்ச்சி உண்டாயிற்று.

காந்தி ரோட்டு லாட்ஜ் கதையும் இதே தரத்தைச் சேர்ந்தது. நோயாளிக்குத் துணையாக வெளியூரிலிருந்து வந்த மூவர், ஆளுக்கு 300 ரூபாய் போட்டு 900 ரூபாய்க்கு அறை எடுக்கிறார்கள். வாடகை 850 தான் என்று பிறகு நினைவுக்கு வந்த மேனேஜர், 50 ரூபாயை ரூம்பாயிடம் கொடுத்தனுப்புகிறார். அவன் 20 ரூபாயைத் தன் பையில் போட்டுக்கொண்டு ஆளுக்குப் பத்து ரூபாய் மட்டும் கொடுக்கிறான். இப்போது ஆளுக்கு 290 வீதம் மூவரும் கொடுத்தது 870, ரூம்பாயிடம் இருப்பது 20, ஆக 890. மீதிப் பத்து ரூபாய் எங்கே? மூவரும் கட்டிலுக்கு அடியில் தேடுகிறார்கள், ஒருவர் பையை ஒருவர் சோதிக்கிறார்கள், விடிய விடிய வாதாடுகிறார்கள். காலையில் மேனேஜர் கதவைத் தட்டி, இன்னொரு நாள் வாடகை 850 ரூபாய் என்கிறார்.

உலகம் முழுவதும் வழங்கும் பழைய புதிர்தான் இது. ஆனால் இங்கே சொல்லப்படும் முறையில், தவறான கூட்டலை நம்புகிறவர்களின் தேடலே நகைச்சுவையாக இருப்பதால், கேட்பவரும் அந்தத் தேடலில் அகப்பட்டுக்கொள்கிறார். ஆசிரியர் விடையைச் சொல்லாமல் காத்திருந்தார். பின்வரிசையில் இருந்த ஒரு சிறுமி எழுந்து, "சார், அந்த இருபதை எதுக்கு மறுபடியும் கூட்டறீங்க? அது எண்ணூத்தி எழுபதுக்குள்ளயே கீது" என்றாள். மூவரும் கொடுத்த 870 ரூபாயில் 850 மேனேஜரிடமும் 20 ரூம்பாயிடமும் இருக்கின்றன. திரும்பி வந்த 30 ரூபாயைக் கூட்டினால்தான் 900 வரும். ஆசிரியர் அந்தச் சிறுமியையே பலகைக்கு அழைத்து எழுதவைத்தார். விடை யாரிடமிருந்து வந்தாலும் அதை அவர்கள் கையாலேயே எழுதவைப்பது அவருடைய நல்ல வழக்கம்.

ஆட்டுக் கதையில் அவர் பழைய புதிர் ஒன்றை மேலும் ஓர் அடி முன்னெடுத்துச் செல்கிறார். 17 ஆடுகளை விட்டுச் செல்லும் தகப்பன், மூத்தவனுக்குப் பாதி, நடுவனுக்கு மூன்றில் ஒன்று, இளையவனுக்கு ஒன்பதில் ஒன்று என்று உயில் எழுதுகிறான். பக்கத்து வீட்டுக்காரர் தம் ஆடு ஒன்றைச் சேர்த்து 18 ஆக்கி, 9, 6, 2 என்று பிரித்துக் கொடுத்துவிட்டு, மிஞ்சிய தம் ஆட்டை ஓட்டிக்கொண்டு போகிறார் என்பதுவரை நாம் அறிந்ததே. இந்த மாடியில் கதை அங்கே முடிவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் அதே உயில் எழுதிய வேறு வீடுகளைத் தேடிப் புறப்படுகிறார். 53 ஆடு உள்ள ஒரு வீட்டில் தம் ஆட்டைச் சேர்த்து 54 ஆக்கி, 27, 18, 6 என்று பிரிக்கிறார், மிஞ்சியவை மூன்று. ஒன்றை ஓட்டி வந்தவர் மூன்றை ஓட்டிக்கொண்டு வீடு திரும்புவதைக் கேட்டுச் சிரிக்கும் பிள்ளைகள், மற்ற இரண்டும் யாருடையவை என்ற கேள்வியில் நிற்கிறார்கள். மூன்று பின்னங்களையும் கூட்டினால் பதினெட்டில் பதினேழுதான் வருகிறது. பதினெட்டில் ஒரு பங்கைத் தகப்பன் யாருக்கும் எழுதிவைக்கவில்லை. பின்னக் கூட்டலைக் கண்டு அஞ்சிய என் மகள், அந்த இரண்டு ஆடுகளுக்காக மூன்று பின்னங்களுக்கும் பொதுப்பகுதி கண்டாள்.

எல்லாக் கதைகளும் இவ்வளவு செம்மையாக அமைந்துவிடவில்லை. கோட்டை அகழியில் புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும், ஒன்றை ஒன்று தின்றுவிடாதபடி, ஒரு தடவைக்கு ஒன்றாக ஏற்றிச் செல்லும் பரிசல்காரன் கதையில், அகழி முதலையைப் பற்றியும் பரிசல்காரனின் மாமியாரைப் பற்றியும் வரும் வேடிக்கைகள் நீளமானவை. அவற்றில் எதுவும் புதிரைத் தொடுவதில்லை. ஆட்டைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வரவேண்டும் என்பதுதான் அந்தப் புதிரின் உயிர். அக்கரையில் இறக்கியதை மீண்டும் இக்கரைக்குக் கொண்டுவருபவனை ஊரார் கேலி செய்வதாகக் கதை அமைந்திருந்தால், சிரிப்பு சரியான இடத்தில் விழுந்திருக்கும். எட்டாம் நூற்றாண்டு அறிஞர் அல்குயின் பெயரால் வழங்கும் லத்தீன் தொகுப்பில் ஓநாய், ஆடு, முட்டைக்கோசு என்று வரும் இந்தப் புதிருக்கு ஏழு முறை கடத்தல் போதும். இங்கே கதையோ முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறது.

இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். 1150இல் பாஸ்கரர் எழுதிய லீலாவதி என்னும் கணித நூலின் புதிர்களில் வரும் தேனீக்களையும் குரங்குகளையும் அடிக்கடி மேற்கோள் காட்டும் ஆசிரியர், காரிநாயனார் இயற்றியதாக வழங்கும் நம் கணக்கதிகாரத்தை ஏனோ தொடுவதே இல்லை. பலாக்காயின் காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் சுளைகளின் எண்ணிக்கை வரும் என்று சொல்லும் நூல் அது. ஏலகிரியிலிருந்தும் சவ்வாது மலையிலிருந்தும் பலா வந்து இறங்கும் ஊரில், ஒரு பழத்தை மாடியில் வைத்து அறுத்து அந்த வாய்பாடு எவ்வளவு தூரம் பொருந்துகிறது என்று பிள்ளைகளையே சோதிக்கச் செய்தால், அதைவிடச் சிறந்த மாலை அமையாது. அவரிடம் நேரிலும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

செல்ல நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். ஐந்தாம் வகுப்புக்குக் கீழே உள்ள பிள்ளைகள் கதையை ரசிப்பார்கள். பின்னம் வரும் இடத்தில் சலித்துப்போவார்கள். இருட்டியபின் ஒரே ஒரு விளக்குதான் எரிகிறது என்பதால் பின்வரிசையில் இருப்பவர்களுக்குப் பலகை தெளிவாகத் தெரிவதில்லை. முன்னதாகச் சென்று இடம்பிடிப்பது நல்லது. குறிப்பேடு கட்டாயம் வேண்டும், ஏனெனில் அச்சிட்ட தாள் எதுவும் தரப்படுவதில்லை. ஒரு வாரம் தவறவிட்ட பிள்ளைக்கு அந்தக் கதை மீண்டும் கிடைக்காது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமளிக்கிறது. இவற்றைச் சிறு நூலாக அச்சிட்டால் முதல் ஆளாக வாங்குவேன்.

வீட்டுக்கணக்காகத் தரும் புதிரின் விடையை அடுத்த ஞாயிறு வரை அவர் வெளியிடுவதில்லை; தொலைபேசியில் கேட்டாலும் சொல்வதில்லை. கடந்த வாரப் புதிரில் அதே பக்கத்து வீட்டுக்காரர் மீண்டும் வருகிறார். இம்முறை 13 ஆடுகள். பாதி, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று என்பது உயில். இந்த வீட்டுக்கு மட்டும் அவர் ஆடு எதையும் ஓட்டிவரவில்லை. மாறாக, பங்கு பிரிப்பதற்கு முன் மந்தையிலிருந்து ஓர் ஆட்டைப் பிடித்துத் தம் தொழுவத்தில் கட்டிவிடுகிறார். அவர் ஏன் அப்படிச் செய்தார், அந்த ஆடு அவரிடமே தங்குமா என்பது கேள்வி.