1,800 ரூபாய் கொடுத்து மனித நடத்தை படித்த கதை

புதுச்சேரியில் லாஸ்பேட்டைப் பக்கம் ஒரு கவுன்சலிங் சென்டர். ஆறு சனிக்கிழமை, மாலையில் இரண்டு இரண்டு மணி நேரம், 1,800 ரூபாய். மனுஷன் ஏன் இப்படி நடந்துகொள்கிறான், குழந்தையிலிருந்து முதுமை வரை அவனை எதெல்லாம் வளைக்கிறது என்று சாதாரண ஜனங்களுக்குச் சொல்லித் தரும் வகுப்பு. சென்டர் பெயரைப் போடவில்லை, கடைசியில் கொஞ்சம் திட்டப் போகிறேன். சிப்காட்டில் ஷிப்ட் மாற்றிக்கொண்டு கடலூரிலிருந்து பஸ்ஸில் போய் வந்தேன். வீட்டில் பையனுக்காகப் போகிறேன் என்று சொன்னேன், உண்மையில் போனது என் சிகரெட்டுக்காக.

முதல் வகுப்பு அருமை, அதில் சந்தேகமே இல்லை. பாடம் எடுத்த மேடம் வந்ததும், "கடலூர்க்காரங்க யாரு? முள்ளோடையில ஏன் அவ்வளவு கூட்டம்?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தோம், கடலூரிலிருந்து போனால் புதுச்சேரி எல்லையில் மதுக்கடைகள் இருக்கும் இடம் அது. விலை குறைவு, கைக்கெட்டும் தூரம், கூட நாலு பேர் குடிக்கிறான், இந்த மூன்றும் மாறினால் குடிக்கிற அளவும் மாறும், சும்மா மன உறுதி மன உறுதி என்று அதையே பிடித்துத் தொங்காதீர்கள் என்றார். அப்புறம் ஆளுக்கொரு நோட்டு. மூன்று கட்டம்: முன்னால் என்ன நடந்தது, நீ என்ன செய்தாய், செய்ததும் என்ன கிடைத்தது. ஒரு வாரம் எழுதச் சொன்னார். எழுதினேன். நாளுக்கு ஒன்பது சிகரெட், அதில் ஆறு ஒரே டீக்கடையில், கையில் கிளாஸோடு. டென்ஷனில் பிடிக்கிறேன் என்று பத்து வருஷமாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவன் நான், நோட்டில் முதல் கட்டம் முழுக்க டீ, டீ, டீ என்றுதான் இருந்தது.

மூன்றாவது வகுப்பு வேறு மாதிரி. 1980களில் அமெரிக்காவின் சான்டியாகோவில் ஃபெலிட்டி என்ற டாக்டர் உடல் எடை குறைக்கும் கிளினிக் நடத்தினார். நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்று போனார்கள். ஏன் என்று விசாரித்தால், பலருக்கு சின்ன வயதில் கொடுமை நடந்திருக்கிறது, பருமன் அவர்களுக்கு ஒரு பாதுகாப்பு மாதிரி இருந்திருக்கிறது. அதிலிருந்து வளர்ந்த பெரிய ஆய்வு 1998இல் வெளிவந்தது. அடி, வசவு, வீட்டில் குடி என்று பால்ய வயதுக் கஷ்டங்களில் நான்கு வகை அல்லது அதற்கு மேல் பட்டவர்களுக்கு குடி, போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி இதெல்லாம் வரும் வாய்ப்பு, ஒன்றும் படாதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு அதிகம் என்று அதில் தெரிந்தது. இது கூட்டத்துக்கான கணக்கு, உங்கள் ஜாதகம் இல்லை என்று மேடம் இரண்டு தடவை சொன்னார். சொன்னது நல்லது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா அழவே ஆரம்பித்துவிட்டார்.

அன்றைக்குத்தான் என் அம்மாவைப் பற்றிக் கேட்டேன். நாங்கள் கடலூர் கடற்கரையில் தேவனாம்பட்டினம். 2004 சுனாமியில் உயிர் மட்டும் மிஞ்சியது, 2011 டிசம்பர் 30 விடியக்காலையில் தானே புயல் வந்து கூரை ஓடுகளையும் பிய்த்துக்கொண்டு போனது. டிசம்பர் பிறந்தால் அம்மா ரேஷன் கார்டு, பத்திரம், மாத்திரை எல்லாம் ஒரு மஞ்சப்பையில் போட்டுத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளும். நான் கிண்டல் பண்ணுவேன். பையை வைத்ததும் பயம் குறைகிறது, அந்தக் குறைவுதான் பரிசு, அதனால்தான் அந்தப் பழக்கம் விடாமல் நிற்கிறது என்று மேடம் விளக்கினார். அப்போ பையைப் பிடுங்கி வைத்துவிடலாமா என்று கேட்டேன். "தூங்குறாங்களா, சாப்பிடுறாங்களா, வெளிய போறாங்களா?" என்று திருப்பிக் கேட்டார். எல்லாம் உண்டு என்றேன். "அப்ப அது நோய் இல்லப்பா, புயல் வந்தா உங்களுக்கும் அந்தப் பைதான் வேணும்." கொடுத்த காசு இந்த ஒரு பதிலுக்கே தகும்.

பருவ வயது வகுப்பு சுமார். யோசித்து நிறுத்தும் மூளையின் முன்பகுதி முதிர இருபதுகளின் நடுப்பகுதி வரை ஆகும் என்பது வரை சரி, மீதி எல்லாம் பையனுக்கு போன் கொடுக்காதே என்ற பழைய பாட்டு. முதுமைக்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்கவில்லை. எரிக்சன் என்ற மனோதத்துவ அறிஞர் மனுஷ வாழ்க்கையைப் பிரித்துச் சொன்ன எட்டுக் கட்டங்களை மங்கிய ஜெராக்ஸில், அதுவும் இங்கிலீஷில் கொடுத்துவிட்டு முடித்துக்கொண்டார்கள். ஹாலில் இரண்டு ஃபேன், ஒன்று சுற்றாது.

இனி திட்டு. ஐந்தாவது வாரம் வேறொரு சார் வந்து, 21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்றார். 1960இல் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் வேறு எதற்கோ எழுதியதைப் பிடித்துக்கொண்டு ஊரே சொல்கிறது. லண்டனில் 96 பேரை வைத்துப் பார்த்ததில் சராசரி 66 நாள், ஆளைப் பொறுத்து 18 முதல் 254 வரை கணக்கு வந்தது. 22ஆம் நாள் தோற்றவன் தன்னையே நொந்துகொள்ள மாட்டானா? ஆறாவது வாரம் அதைவிட மோசம், பாடமே இல்லை, விற்பனை. குழந்தையின் பத்து விரல் ரேகையை ஸ்கேன் பண்ணி மூளைத் திறனும் சுபாவமும் சொல்கிறோம், பேக்கேஜ் 6,000 ரூபாய் என்றார்கள். ரேகையை வைத்து சுபாவம் சொல்ல அறிவியலில் ஆதாரம் கிடையாது. சூழ்நிலைதான் மனுஷனை வளைக்கிறது என்று நாலு வாரம் சொல்லிக் கொடுத்த அதே ஹாலில் கைரேகை ஜோசியம். மேடம் அன்றைக்கு வரவில்லை, ஏன் என்று புரிந்தது.

போகலாமா என்றால், முதல் மூன்று வகுப்புக்கு மட்டும் பணம் வாங்குவார்களா என்று கேட்டுப் பாருங்கள். வீட்டில் நிஜமாகவே யாருக்காவது தூக்கம் போய், பேச்சு மாறி, உயிர் வேண்டாம் என்கிற நிலை இருந்தால் இந்த மாதிரி வகுப்புக்குக் கூட்டிப் போகாதீர்கள். கோரிமேட்டில் ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது, அரசின் மனநல உதவி எண் 14416, டெலிமானஸ் என்று பெயர், அதில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே.

என் நோட்டு இன்னும் ஓடுகிறது. ஒன்பது இப்போது மூன்று. டீக்கடையை மாற்றிவிட்டேன், புதுக் கடையில் சிகரெட் விற்பதில்லை. டீ மட்டும் கழனித்தண்ணி.