கார் பெயிண்ட்ல ஒட்டுன தாருக்கு டபிள்யூடி 40: நல்லாவே எடுக்குது, ஆனா ஊற விடணும்

செங்கோட்டைல இருந்து புனலூருக்கு அடிக்கடி போற ஆளு நான், வண்டி வெள்ளை கலரு, அதனால ஒரு தார் புள்ளி விழுந்தாலும் தூரத்துல இருந்தே தெரியும். புளியரை தாண்டுனா எஸ் வளைவு, கோட்டைவாசல், ஆரியங்காவு, பதிமூணு கண்ணு பாலம், தென்மலைன்னு அந்த என்எச் 744 ரோட்டுல ஜல்லி லாரியும் எம்சாண்ட் லாரியும் ஓடிக்கிட்டே கெடக்கும், மழை முடிஞ்சதும் குழிக்கு ஒட்டு போட ஆரம்பிப்பாங்க, புது ஜல்லிக்கலவை கொட்டுறதுக்கு முன்னாடி கீழ ஒட்டுறதுக்குன்னு தாரைத் தண்ணியா தெளிச்சிருப்பாங்க, அது காயறதுக்குள்ள நாம மேல ஏத்திட்டோம்னா முடிஞ்சது, டோர் கீழ்ப்பக்கம், பின் சக்கரத்துக்குப் பின்னாடி, பம்பர் ஓரம் எல்லாம் கருப்பு கருப்பா தெறிச்சிரும்.

இதுக்கு நான் இப்ப பயன்படுத்துறது டபிள்யூடி 40 தான். நட்டு போல்ட்டுக்கும் கேட் கீலுக்கும் அடிக்கிற அதே நீல மஞ்சள் கேன். 1953ல அமெரிக்கால துருப்பிடிக்காம இருக்கறதுக்காகச் செஞ்ச சாமான் இது, பெயிண்டுக்குன்னு செஞ்சது இல்ல. அப்புறம் எப்படி தாரை எடுக்குதுன்னா, ரோட்டுத் தாரு பெட்ரோலியம் சுத்திகரிக்கும்போது கடைசில அடியில தங்குற சரக்கு, அது தண்ணிலயோ ஷாம்புலயோ கரையவே கரையாது, பெட்ரோலிய வகை சால்வென்ட்லதான் இளகும். இந்தக் கேனுக்குள்ள பெரும்பகுதி அந்த மாதிரி சால்வென்ட்டும் கூடவே கொஞ்சம் எண்ணெயும் இருக்கு. சால்வென்ட் தாரை இளக்குது, எண்ணெய் அதை உடனே காயவிடாம வழுவழுன்னு வச்சிக்குது. எனக்குப் பிடிச்சதே இந்த ரெண்டாவது விஷயம்தான்.

ஏன்னா தென்காசில ஒரு பெயிண்டர் அண்ணாச்சி சொன்னாரு, "தம்பி, தார் கீறாது, தாருக்குள்ள ஒட்டிக்கெடக்க மணல்தான் கீறும், நீங்க தேய்க்குற தேய்ப்புலதான் அது ஓடும்"னு. நூத்துக்கு நூறு உண்மை. கலருக்கு மேல இருக்க கிளியர் கோட் ஒரு 40, 50 மைக்ரான் கனம்தான் இருக்கும், நம்ம தலைமுடியை விட மெல்லிசு. அதுமேல மணலை வச்சு அழுத்தித் தேய்ச்சா என்ன ஆகும்? எங்க மச்சான் காரை ஒரு வாட்டர் வாஷ்ல விட்டான், மண்ணெண்ணெயை பனியன் வேஸ்ட்ல தொட்டு வட்டம் வட்டமா தேய்ச்சுக் குடுத்தாங்க, தார் போயிருச்சு, ஆனா வெயில்ல நிறுத்திப் பாத்தா டோர் முழுக்க வட்டக் கீறல். பாக்கவே மனசு கஷ்டமா இருந்துச்சு, புது வண்டி பாவம். மண்ணெண்ணெய் தாரைக் கரைக்காதுன்னு நான் சொல்லல, கரைக்கும், அந்தத் துணியும் அந்த அவசரமும்தான் வண்டியைக் கெடுத்துச்சு.

அதனால நான் செய்யற மாதிரி சொல்றேன். மொதல்ல நல்லா தண்ணி அடிச்சு ஷாம்பு போட்டு மண்ணு, தூசி மொத்தமும் போற மாதிரி கழுவிருங்க. வண்டி நிழல்ல நிக்கணும், பாடி தொட்டா குளுமையா இருக்கணும், இது ரொம்ப முக்கியம். நம்ம ரோட்டுக்குப் போடுற விஜி 30 தாரு 47 டிகிரி தாண்டுனாலே இளக ஆரம்பிக்கும், வெயில்ல நிக்கிற கார் தகடு அதைவிட சூடாயிரும், அப்ப தொட்டா ஒரு புள்ளி பத்து இஞ்சுக்குக் கோடா இழுவிக்கும், அடிச்ச மருந்தும் வேலை செய்யறதுக்குள்ள ஆவியாயிரும். குளுந்த வண்டில அடிச்சிட்டு ரெண்டு மூணு நிமிஷம் சும்மா விடுங்க. தாரு பழுப்பு கலர்ல கசிஞ்சு கீழ வடிய ஆரம்பிக்கும், அதைப் பாக்கறதே ஒரு சந்தோஷம்தான். அப்புறம் மைக்ரோஃபைபர் துணியை மேல வச்சு லேசா ஒத்தி ஒரே பக்கமா எடுங்க, ஒரு தடவை எடுத்ததும் துணியோட சுத்தமான பக்கத்துக்கு மாத்திருங்க. போகலையா, இன்னொரு தடவை அடிச்சு ஊற விடுங்க. நகம், பிளேடு, பாத்திரம் தேய்க்குற நாரு எதையும் பக்கத்துல கொண்டு வராதீங்க.

புதுத் தாரு ஒரே தடவைல வந்துரும். மாசக்கணக்குல வெயில்ல காஞ்சு கெட்டியான தாருக்குப் பொறுமை வேணும், அதுக்குத் தனியா விக்கிற டார் ரிமூவர் இதைவிட வேகமா வேலை செய்யும், ஆனா எங்க ஊர்ல கடைல கேட்டா கிடைக்காது, இது சாதாரண ஹார்டுவேர் கடைலயே இருக்கு. புனலூர் பக்கம் சேட்டன்மாரு தேங்காயெண்ணெய் போடுவாங்க, அதுவும் பொய் இல்ல, சின்னப் புள்ளிக்கு நல்லா ஊற வச்சா வரும், பெயிண்டுக்கு அதைவிட சாதுவான சாமான் கிடையாது, ஆனா டோர் முழுக்க தெறிச்சிருந்தா அதை வச்சு முடியாது. தின்னர் மட்டும் வேண்டவே வேண்டாம், அதுலயும் பட்டறைல ரீபெயிண்ட் பண்ண பேனல்ல பட்டுச்சுன்னா பெயிண்டையே சேத்து இளக்கிரும். பெட்ரோல் ஊத்தித் துடைக்கிறது தீயோட விளையாடுறது.

டபிள்யூடி 40லயும் கவனிக்க வேண்டியது இருக்கு. எடுத்து முடிச்சதும் எண்ணெய்ப் படலம் நிக்கும், அப்படியே விட்டா புளியரைத் தூசி மொத்தமும் அதுல வந்து ஒட்டிக்கும், அன்னைக்கே ஷாம்பு போட்டு ரெண்டு தடவை கழுவணும். அந்த எடத்துல முன்னாடி போட்டிருந்த வாக்ஸும் கூடவே போயிருக்கும், திரும்பப் போடணும், வாக்ஸ் இருக்க பாடில அடுத்த தடவை தாரு இவ்ளோ பிடிக்கவும் செய்யாது. சக்கரம் பக்கத்துல அடிக்கும்போது நேரா ஸ்ப்ரே பண்ணாதீங்க, துணில அடிச்சுத் துடைங்க, பிரேக் டிஸ்க்லயோ பேட்லயோ எண்ணெய் பட்டா பிரேக் பிடிக்காது, ஆரியங்காவு எறக்கத்துல அது உசுரு விஷயம். புதுசா பெயிண்ட் அடிச்ச வண்டினா ஒரு மாசமாச்சும் போகட்டும், அதுக்கப்புறமும் கண்ணுல படாத ஓரத்துல கொஞ்சம் அடிச்சுப் பாத்துட்டு ஆரம்பிங்க. இஞ்சின் சூடா இருக்கும்போது வேண்டாம், தீப்பிடிக்கிற சரக்கு.

தாருக்கு மட்டும்னா சின்ன கேனே போதும், 420 மில்லி கேன் வீட்டுல வேற வேலைக்கும் ஆகும்னா வாங்குங்க. அதே கம்பெனி பேர்லயே சிலிக்கான், டீகிரீஸர்னு வேற வேற கேனும் கடைல அடுக்கி வச்சிருப்பாங்க, நான் சொல்றது அந்த சாதாரண மல்டி யூஸ் கேனு, லேபிளைப் படிச்சுப் பாத்து எடுங்க.