நாய் கிளிப்பரில் ஃபர் துணி மழித்தல்: பேட்டரி மாற்றிய பிறகு ஒரு பகிர்வு

மதுரையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணே, ஒரு கரடித் தலை செய்றேன். மூஞ்சிப் பக்கம் ஃபர் துணியை ஒட்ட வெட்டணும். எந்த மெஷின் வாங்கலாம்?" அந்த நேரம் பார்த்து என் மெஷினையும் பேட்டரி மாற்றி வாங்கி வந்திருந்தேன். பிறந்தநாள் விழாவுக்கும் கடைத் திறப்புக்கும், ஆள் மாட்டிக்கொண்டு ஆடும் பொம்மைத் தலையை ஃபர் துணியில் (செயற்கை முடித் துணியில்) செய்து கொடுக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது வீட்டு நாய்க்கு முடி வெட்டும் சாதாரண கம்பியில்லா கிளிப்பர். ஒரு ஸ்டீல் பிளேடு, அதன் மேல் ஓடும் செராமிக் பிளேடு, முடியை எவ்வளவு நீளம் விடுவது என்பதற்காக பிளேடின் மேல் மாட்டும், 3, 6, 9, 12 மில்லிமீட்டரில் நான்கு பிளாஸ்டிக் சீப்புகள். பெயர் சொல்லவில்லை. இதே உடம்பும் இதே சீப்பும் பல பெயர்களில் விற்கின்றன, ஒன்றை மட்டும் சொல்வது நியாயமாக இருக்காது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த மெஷின் சூடேறுவது குறைவு. ஸ்டீலும் ஸ்டீலும் உரசும் பிளேடு என்றால் சிறிது நேரத்திலேயே விரல் வைக்க முடியாது, நிறுத்தி ஆற விட்டுத்தான் தொடர வேண்டும். இதில் ஒரு கன்னம் முழுவதையும் ஒரே மூச்சில் முடிக்க முடிகிறது. எடையும் குறைவு. அது ஏன் முக்கியம் என்றால், ஃபர் துணியைத் தட்டையாக விரித்து வைத்து வெட்டுவது பாதி வேலைதான். ஃபோம் தலையில் ஒட்டித் தைத்த பிறகுதான் முகம் உருவாகும். மூக்குப் பாலத்தில் ஒட்ட வெட்டி, கன்னத்தில் நீளம் விட்டு, இரண்டுக்கும் நடுவில் எங்கே மாறியது என்று கண்ணுக்குத் தெரியாதபடி இணைக்க வேண்டும். அந்த இடத்தில் மணிக்கட்டைச் சுழற்றி, வெட்டிக்கொண்டே மெஷினை மெல்ல வெளியே எடுக்க வேண்டும். கனமான மெஷினில் இது எனக்கு ஒருபோதும் இவ்வளவு சுலபமாக வந்ததில்லை.

இப்போது சீப்புக்கு வருகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

நாய் முடி வெட்டினால் கீழே விழுந்துவிடும். ஃபர் துணியின் இழை அக்ரிலிக், மிக மெல்லியது, நிலைமின்சாரம் ஏறினால் எதிலும் ஒட்டிக்கொள்ளும். வெட்டிய பஞ்சு கீழே விழாமல் சீப்பின் அடிக்கும் பிளேடுக்கும் நடுவில் போய் அடைகிறது. அடைய அடையச் சீப்பை மேலே தூக்குகிறது. கையில் இருப்பது 6 மில்லிமீட்டர் சீப்பு என்று நினைத்து ஓட்டிக்கொண்டிருப்போம், உண்மையில் அது 7 ஆகி 8 ஆகியிருக்கும். ஒரு ஓட்டத்தின் தொடக்கமும் முடிவும் ஒரே உயரத்தில் இருக்காது. முகத்தில் உழுத வயல் போல வரி வரியாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் இதுதான். "கையை நிதானமாக ஓட்டு" என்று எல்லோரும் அறிவுரை சொல்கிறார்கள். கை நிதானமாகத்தான் இருக்கிறது, சீப்புதான் நிற்கும் இடத்தில் நிற்பதில்லை.

சரி, அடிக்கடி கழற்றி ஊதிவிட்டு மாட்டலாமே என்பீர்கள். அதைத்தான் செய்தேன். சீப்பைப் பிடித்து வைத்திருப்பது பின்பக்கத்தில் உள்ள சின்னப் பிளாஸ்டிக் கொக்கி. கழற்றி மாட்டக் கழற்றி மாட்ட அது தேய்கிறது. கழற்றாவிட்டால் பஞ்சு சீப்பைத் தூக்குகிறது, கழற்றினால் கொக்கி தேய்கிறது. இதற்கு நடுவில் வழியே வைக்காமல் வடிவமைத்திருக்கிறார்கள்.

தேய்ந்த கொக்கி கடைசியில் ஒரு கரடியின் மூக்கோரத்தில் விட்டுக்கொடுத்தது. கன்னம் வளைந்து மூக்கோடு சேரும் பள்ளத்தில் சீப்பு ஒரு பக்கமாக நெம்பிக்கொண்டு தெறித்தது, வெறும் பிளேடு துணியில் இறங்கியது. பழுப்பு நிற ஃபரில் வெள்ளை அடித்துணி பளிச்சென்று தெரிந்தது. ஃபர் துணியில் இழைகள் பின்னலின் கண்ணிகளுக்குள் மாட்டப்பட்டுத்தான் நிற்கின்றன. அவ்வளவு அடியில் வெட்டுப்பட்டால் சீவி மறைக்க மேலே எதுவும் மிஞ்சாது. அந்த ரோலில் துணியும் தீர்ந்திருந்தது, அடுத்த ரோலின் நிறம் ஒரு சாயல் தள்ளி இருந்தது. மூக்குப் பகுதி முழுவதையும் பிரித்துப் புதிதாகத் தைத்தேன். விற்றவரிடம் சீப்பு மட்டும் கேட்டால், தனியாக வராதாம், முழு செட் வாங்க வேண்டுமாம். ஒரு துண்டு பிளாஸ்டிக் தேய்ந்ததற்காக நன்றாக ஓடும் மோட்டாரையும் கூர் போகாத பிளேடையும் தூக்கிப் போடச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதற்குப் பிறகு சீப்பை மாட்டி, பின்பக்கத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிட்டுத்தான் வெட்டுகிறேன். வலது கையில் மெஷின், இடது கையில் வாக்குவம் கிளீனரின் குழாய், பிளேடை ஒட்டியே பிடித்துக்கொள்ள வேண்டும். பஞ்சு அடைவது பெருமளவு குறைந்துவிட்டது. தலை ஆடாமல் இருக்க ஒரு ஸ்டாண்டில் செருகி வைக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், முகக்கவசம் கட்டாயம் போடுங்கள். ஏசி அறையில் காற்று உலர்ந்திருப்பதால் பஞ்சு இன்னும் மோசமாக ஒட்டும். சென்னையின் புழுக்கம் இந்த ஒரு வேலைக்கு நல்லதுதான்.

வெட்டும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும், மெஷினைக் குறை சொல்வதற்கு முன் அதைச் சரியாக ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும் அல்லவா. நீள முடித் துணி என்றால் முதலில் கத்திரியால் பாதி நீளத்துக்குக் குறைத்துக்கொள்ளுங்கள், மெஷின் திணறாது. கம்பிப் பல் பிரஷால் முடி படிந்திருக்கும் திசைக்கு எதிராகச் சீவி நிமிர்த்துங்கள். 12-இல் முகம் முழுவதும், 9-இல் கன்னத்தின் உட்பகுதி, 6-இல் மூக்குப் பாலம், 3-ஐ மூக்குக்கும் கண்ணிமைக்கும் பக்கத்தில் மட்டும். ஹாட் க்ளூ கட்டியாக நிற்கும் இடத்தில் சீப்பு ஏறி இறங்கும், அங்கே ஒரு கொத்து முடி நீண்டு நிற்கும். அதனால் மூக்குத் துண்டுகளை ஒட்டுவதற்கு முன்பே முக்கால்வாசி மழித்து வைத்துவிடுகிறேன், தலையில் ஏற்றிய பின் மிச்சத்தை.

ஒருமுறை வெட்டி நிறுத்தினால் வேலை முடிந்ததாக நினைக்கக் கூடாது. லேசாகத் தண்ணீர் தெளித்து, சீவி, உலர விடுங்கள். படுத்துக் கிடந்த இழைகள் எழும். மறுபடி அதே சீப்பு, இந்த முறை குறுக்காக. அப்புறம் அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைக் கன்னத்தின் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். டியூப்லைட்டில் வழவழப்பாகத் தெரிந்த முகத்தில் அத்தனை படிகளும் நிழல் விழுந்து வெளியே வரும். அந்த விளிம்புகளைச் சலூன்காரர்கள் அடர்த்தி குறைக்கப் பயன்படுத்தும் பல்லுக் கத்திரியால் மட்டும் தட்டி எடுங்கள். நீராவி காட்டுவதாக இருந்தால் தூரத்திலிருந்து, நொடிக் கணக்கில். கிட்டே கொண்டுபோனால் அக்ரிலிக் சுருண்டு கரகரப்பாகிவிடும், பிறகு எந்த பிரஷாலும் நிமிர்த்த முடியாது.

பேட்டரி சாதாரண 18650 லித்தியம் செல்தான். செல்போன் பழுது பார்க்கும் கடையிலேயே மாற்றிக் கொடுத்தார்கள். எண்ணெய் விட்டால் முதலில் கழிவுத் துணியில் ஓட்டிவிட்டுத்தான் வெள்ளை ஃபரைத் தொட வேண்டும்.

சக கலைஞர் ஒருவரிடம் ஏ5 வகை பிளேடு (நீளத்துக்கு ஒன்றாகக் கழற்றி மாற்றும் வகை) மாட்டும், கம்பியுள்ள பெரிய மெஷின் இருக்கிறது. கனம், சத்தம், சூடு மூன்றிலும் என்னுடையதைவிட மோசம். ஆனால் அதில் சீப்பே வேண்டாம். பிளேடே நீளத்தைத் தீர்மானிக்கிறது: 4எஃப் என்றால் 9.5 மில்லிமீட்டர், 5எஃப் 6.3, 7எஃப் 3.2. இடையில் பஞ்சு அடைய இடமில்லை, தெறிக்க எதுவும் இல்லை. ஒரு பிளேடின் விலை என் முழு மெஷினின் விலையை நெருங்கும் என்பதும் உண்மை.

ஆக, தம்பிக்குப் பதில். மேலே நான் புகழ்ந்ததை ஒரு வார்த்தைகூடத் திரும்பப் பெறவில்லை. எடை, சூடு, பிளேடு, மோட்டார் எல்லாம் இந்த விலைக்கு அருமை. ஆனாலும் இதை வாங்காதீர்கள். நல்ல மெஷினின் தலையில் இப்படி ஒரு கொக்கியை வைத்து, அதைத் தனியாக விற்கவும் மறுப்பவர்களுக்கு இன்னொரு வாடிக்கையாளரை அனுப்ப எனக்கு மனமில்லை. ஒரே ஒரு தலைதான் செய்யப் போகிறீர்கள் என்றால் யாரிடமாவது இரவல் வாங்குங்கள். தொடர்ந்து செய்வதாக இருந்தால் பணம் சேர்த்து ஏ5 மெஷின் ஒன்றும் 5எஃப், 7எஃப் பிளேடும் வாங்கிக்கொள்ளுங்கள். எதை வாங்கினாலும், தலையில் வைப்பதற்கு முன் அதே ஃபரின் வெட்டுத்துண்டில் மழித்துப் பாருங்கள். பல துணிகளில் அடிமுடியின் நிறம் மேல்முடியைவிட வெளிறியிருக்கும், 6 மில்லிமீட்டருக்குக் கீழே போனதும் கரடியின் மூஞ்சி நீங்கள் தேர்ந்தெடுத்த நிறத்தில் இருக்காது.