வாரம் ஒரு மாத்திரையா, வருடம் ஒரு டிரிப்ஸா?

எலும்புத் தேய்மானம் என்றால் நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் மூட்டு வலியைத்தான் நினைக்கிறார்கள். எலும்புப்புரை வேறு. வலியே காட்டாமல் எலும்பை உள்ளுக்குள் பொத்தலாக்கும். குளியலறையில் வழுக்கி இடுப்பு முறிந்த பிறகுதான் பலருக்குத் தெரியவரும். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் (இளவயதினரின் சராசரியோடு ஒப்பிட்ட எண்) -2.5 அல்லது அதற்கும் கீழே வந்தால் அது எலும்புப்புரை. லேசாக விழுந்ததற்கே இடுப்போ முதுகெலும்போ முறிந்திருந்தால், ஸ்கோர் எதுவானாலும் மருந்து தேவை. இலவச முகாமில் குதிகாலில் பார்க்கும் சோதனையை மட்டும் நம்பி மருந்து தொடங்கக் கூடாது.

சரி, எந்த மருந்து?

பெரும்பாலும் முதலில் எழுதித்தருவது அலெண்ட்ரோனேட், வாரம் ஒரு 70 மி.கி. மாத்திரை. விலை குறைவு, நன்றாக வேலையும் செய்யும். தொல்லை அதைச் சாப்பிடும் முறையில்தான். காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அரை மணி நேரம் படுக்கக் கூடாது, காபியும் கூடாது. எழுந்ததும் காபி என்று எழுபது வயது வரை வாழ்ந்தவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்! காபியோடு விழுங்கினால் உடம்பில் சேரும் மருந்து பாதிக்கு மேல் குறைந்துவிடும். விழுங்கியதும் படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகலாம்.

சோலெட்ரோனிக் ஆசிட் வருடத்துக்கு ஒரே தடவை, 5 மி.கி.; டிரிப்ஸாகக் கால் மணி நேரமாவது ஏற்றுவார்கள். இந்த மருந்தை வெற்று மருந்தோடு ஒப்பிட்டு 2007இல் வெளியான ஹொரைசன் ஆய்வில், மூன்று வருடத்தில் முதுகெலும்பு முறிவு 70 சதவீதமும் இடுப்பு முறிவு 41 சதவீதமும் குறைந்தன. முதல் தடவை ஏற்றியதும் இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம், பாராசிட்டமாலில் அடங்கிவிடும். கிரியேட்டினின் கிளியரன்ஸ் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) 35க்குக் கீழே இருப்பவர்களுக்கு ஆகாது. வைட்டமின் டி குறைவு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

சிறுநீரகத்தால் டிரிப்ஸ் ஆகாதவர்களுக்கு டெனோசுமாப் வருகிறது: ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி, சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் போடலாம். ஆனால் சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு, அதிலும் டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு, கால்சியம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். இன்னொன்று, அடுத்த ஊசியைத் தவறவிட்டாலோ பாதியில் நிறுத்தினாலோ, சேர்ந்த எலும்பு வேகமாகக் கரைந்து முதுகெலும்புகள் வரிசையாக முறியக்கூடும். வெளியூர்ப் பிள்ளை வந்துதான் கூட்டிப்போக வேண்டும் என்ற வீட்டில் எனக்கு இது பயம்.

டெரிபாராடைட் எலும்பை வளர்க்கும்தான். தினமும் ஊசி, செலவும் அதிகம். ஏற்கெனவே பல முறிவு கண்டவர்களுக்கே பொருந்தும்.

சிறுநீரகம் சரியாக இருந்தால், மாத்திரையை மறக்கும் பெரியவர்களுக்கு என் ஓட்டு டிரிப்ஸுக்குத்தான். அப்புறம், பல் பிடுங்க வேண்டியிருந்தால் அதை முதலில் முடித்து, புண் ஆறட்டும். டெரிபாராடைட் தவிர மற்ற இந்த மருந்துகளில் தாடை எலும்பு ஆறாமல் போவது அரிதுதான், வந்தால் லேசில் விடாது.