புதியது என்று சொல்லி விற்ற ஆறு ஹார்ட் டிஸ்க்குகளில் இரண்டு பழையவை

சென்னையில் ஒரு கடையில் 8 டெராபைட் சீகேட் ஹார்ட் டிஸ்க்குகள் ஆறு வாங்கினேன். பில்லில் 'புதியது' என்றே எழுதிக் கொடுத்தார்கள். அது பொய். இதே போல் மொத்தமாக வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

நான் திருமணப் புகைப்படக்காரன். பத்தாண்டுப் படங்களை வைக்க, ஆறையும் ரெய்டு 6 ஆக, அதாவது இரண்டு டிஸ்க் பழுதானாலும் படங்கள் தப்பும்படி ஒரே தொகுப்பாகச் சேர்த்தேன். முதல் நாளிலிருந்தே படிக்கும் வேகம் சீராக இல்லை. வீடியோ விறுவிறுவென ஓடும். திடீரெனச் சில விநாடிகள் உறைந்துவிடும். கடையில் கேட்டேன். "ரெய்டு என்றால் அப்படித்தான் சார், கேபிளை மாற்றிப் பாருங்கள்" என்றார்கள். மாற்றினேன். அடுத்து, டிஸ்க்குகளைக் கணினியோடு இணைக்கும் கன்ட்ரோலர் கார்டுதான் போதவில்லை என்று சொல்லி, 9,500 ரூபாய்க்கு ஒன்றை என் தலையில் கட்டினார்கள். அதிலும் அதே நிலைதான்.

மூன்று வாரம் பொறுத்துவிட்டு நானே உட்கார்ந்து பார்த்தேன். லினக்ஸில், ஒவ்வொரு டிஸ்க்கும் பதில் தர எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐஓஸ்டாட் என்ற கருவியை ஓடவிட்டபோது நான்கு டிஸ்க்குகள் 15 மில்லி விநாடிக்குள் பதில் தந்தன. இரண்டு மட்டும் பல நூறு மில்லி விநாடி எடுத்துக்கொண்டன. ஒவ்வொன்றையும் தனித்தனியே, தொடக்கப் பகுதியிலிருந்து படித்துப் பார்த்தேன். இடம் முக்கியம்: டிஸ்க்கினுள் சுழலும் தட்டின் வெளி விளிம்பில் இருக்கும் வேகம் உட்பகுதியில் ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பதால், எல்லா டிஸ்க்கிலும் ஒரே இடத்தைத்தான் ஒப்பிட வேண்டும். நான்கு, விநாடிக்கு 200 எம்பியைத் தாண்டின. மற்ற இரண்டும் 90 கூட எட்டவில்லை. இடம் மாற்றிச் செருகினேன். மந்தம் டிஸ்க்கோடு சேர்ந்தே நகர்ந்தது. டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையில் 199ஆம் எண், அதாவது கேபிள் கோளாறைக் காட்டும் எண்ணிக்கை, பூஜ்யம். கேபிள் மேல் பழி போட்டது வீண்.

அதே ஸ்மார்ட் அறிக்கை ஆறும் 500 மணி நேரம், அதாவது என்னிடம் இருந்த மூன்று வாரம் மட்டும், ஓடியதாகவே காட்டியது. ஆனால் அந்த எண்ணை அழித்து எழுத முடியும். 2025 ஜனவரியில் ஜெர்மனியில் பழைய சீகேட் டிஸ்க்குகள் இப்படித்தான் புதியவையாக விற்கப்பட்டது வெளியானது. அந்த நிறுவனத்தின் டிஸ்க்குகளில் ஓடிய நேரத்தைத் தனியே குறித்துவைக்கும் 'ஃபார்ம்' என்று இன்னொரு பதிவும் உண்டு, ஸ்மார்ட்சிடிஎல் என்ற மென்பொருள் 7.4ஆம் பதிப்பிலிருந்து அதைப் படிக்கும். நான்கில் அதே 500. இரண்டில் 27,000க்கு மேல்! மூன்று ஆண்டுகள் எங்கோ இரவு பகலாக உழைத்த டிஸ்க்குகளை நம்பி, ஊராரின் கல்யாணப் படங்களை வைத்திருந்திருக்கிறேன். நினைத்தாலே வயிறு எரிகிறது.

தயாரிப்பாளரின் தளத்தில் வரிசை எண்ணைப் போட்டேன். அந்த இரண்டுக்கும் வாரண்டி இல்லை. உறையைப் பிரிக்கும் முன்பே இதைப் பார்த்திருக்கலாம். வாங்கிய அன்றே, கடையில் நின்றுகொண்டே பாருங்கள்.

"பிரித்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்கிறது கடை. நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்துவிட்டேன். படங்களை எல்லாம் வேறிடத்தில் நகலெடுத்த பிறகே அந்த இரண்டையும் கழற்றினேன். பில், இரு பதிவுகளின் அச்சுப் படிகள், அந்த டிஸ்க்குகள் மூன்றும் ஒரே பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன.