கிரைண்டரைத் தொட்டால் சுர்ரென்றது: எங்கள் ஊர் வயர்மேன் செய்த எர்த் வேலை

மாவரைக்கிறவளுக்கு, கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் கம்பியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். ஈரக் கையோடு கிரைண்டர் விளிம்பைத் தொட்டு, முழங்கை வரை சுர்ரென்று ஏறியபோதே பாதி தெரிந்துவிட்டது.

பெஸ்தாரி ஜெயா என்று 2007-இல் மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கும் எங்கள் ஊருக்குப் பெயர் மாற்றினார்கள். வாயில் வருவது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். தோட்டத்து லயத்தை விட்டு வந்து வாங்கிய வீட்டின் பின்கட்டில் கல்யாண ஆர்டருக்குச் சமைக்கிறேன். மூன்று கிரைண்டர், இரண்டு பெரிய குளிர்பெட்டி, மூன்று ஃபேஸ் இணைப்பு. நாலு வருடத்துக்கு முன் வயரிங் செய்துகொடுத்தவர், "எர்த் எல்லாம் போட்டுவிட்டேன்" என்று சொல்லிக் காசை எண்ணிக்கொண்டு போனார்.

இப்போது வந்த தம்பி உரிமம் உள்ள வயர்மேன். வந்ததும் பிளக்கைக்கூடப் பார்க்கவில்லை, நேராகக் கொல்லைப்புறம் போய் மண்ணைக் கிளறினார். பச்சை பூத்த கிளிப்பைத் தொட்டதும் கம்பி கையோடு வந்துவிட்டது. ஒன்றரை சதுர மில்லிமீட்டர் கம்பி, எங்கள் வீட்டு மணி அடிக்கப் போட்ட வயரைவிடக் கொஞ்சம் தடிமன். அதுதான் மொத்த வீட்டுக்கும் எர்த்தாம். மண்ணில் அடித்திருந்த எர்த் ராடை இழுத்தால் முழங்கை நீளம்தான் வெளியே வந்தது. மீதியை வெட்டி வேறு வீட்டுக்குப் போட்டிருப்பார் போலும்.

"அக்கா, மின்சாரம் தரும் தெனாகா கம்பெனி கொண்டுவரும் கம்பியோடு எர்த் வராது. ஒவ்வொரு வீடும் தன் ராடை நம்பித்தான் நிற்க வேண்டும்" என்றார். அது எனக்குப் புதுச் செய்தி.

அடுத்தது கடையில் நடந்தது. மின்சாமான் கடை முதலாளி, தவுக்கே, 35 சதுர மில்லிமீட்டர் கம்பியைத் தூக்கிக் காட்டி, தடிமன் கூடினால் பயமில்லை என்றார். நானும் தலையாட்டினேன். தம்பி பிரேக்கர் அட்டைப்பெட்டியைத் திருப்பிப் போட்டு எழுதினார். மலேசியத் தரமான எம்எஸ் ஐஇசி 60364-இல் அட்டவணை இருக்கிறதாம். மின்சாரம் வரும் கம்பி 16 சதுர மில்லிமீட்டர் வரை என்றால் எர்த்தும் அதே அளவு; 16-க்கு மேல் 35 வரை என்றால் எர்த் 16; 35-ஐத் தாண்டினால் பாதி. எங்கள் மெயின் கம்பி 25, ஆகவே 16 போதும். கிரைண்டருக்குப் போகும் கம்பி 4, அதன் பச்சை மஞ்சள் எர்த் கம்பியும் 4. கணக்குப் போட்டால் இதைவிடச் சிறியதும் போதும் என்று வரலாம், ஆனால் அட்டவணைப்படி போட்டுவிட்டால் பரிசோதனையில் யாரும் கேள்வி கேட்க முடியாது என்றார்.

மண்ணுக்குள் போகும் கம்பிக்கு மட்டும் தனி விதி. துருப்பிடிக்காமல் காக்கும் உறையோடு புதைத்தால் குறைந்தது 16, வெறும் செம்பாகப் புதைத்தால் 25. உறை போட்ட 16-ஐக் குழாய்க்குள் விட்டார். தவுக்கேயின் 35 கடையிலேயே கிடந்தது, என் பணம் என்னிடம் இருந்தது.

ராடு ஒன்று போதவில்லை. எங்கள் பக்கம் பழைய ஈயச் சுரங்கத்து மணல், மின்சாரத்தை லேசில் உள்ளே விடாது. ஒன்றரை மீட்டர் ராடு மூன்றை, ஒவ்வொன்றுக்கும் நடுவே ராடு நீளத்துக்குக் குறையாத இடைவெளி விட்டு அடித்தபிறகுதான் டெஸ்டரில் மண்ணின் தடை 8 ஓம் என்று காட்டியது; இந்த எண் குறையக் குறைய நல்லது. அந்த எண்ணை என்னையே வாசிக்கச் சொன்னார்.

ஈரத் தரை என்பதால் கிரைண்டர் வரிசைக்கு 10 மில்லியம்பியர் ஆர்சிடி, அதாவது மின்சாரம் கசிந்தால் தானே அணைந்துவிடும் சுவிட்ச், போட்டார். 1994-ஆம் ஆண்டு மின்சார விதிமுறை கேட்பதும் அதையேதான். இங்கேதான் எனக்கு எரிச்சல். முதல் வாரத்தில் விடியற்காலை நாலு மணிக்கு மூன்று முறை விழுந்தது. நூறு பேருக்கு இட்லி மாவு பாதி அரைபட்டு நின்றது. போனில் நன்றாகத் திட்டிவிட்டேன். வந்து ஒரு கிரைண்டரின் அடிமூடியைக் கழற்றினார். மோட்டார் இணைப்பில் அரிசிக் கழுநீர் காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. துடைத்து, ரப்பர் வாசரை மாற்றிய பிறகு இன்றுவரை விழவில்லை. திட்டியதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, அன்று மட்டும் தோசை சுட்டுக் கொடுத்தேன்.

பொருளும் கூலியும் சேர்த்து 1,150 வெள்ளி. முன்பு செய்தவர் வாங்கியதைவிட அதிகம்தான், ஆனால் இவர் கம்பி அளவை ரசீதில் வரிவரியாக எழுதுகிறார், கையெழுத்துப் போட்ட படிவம் தருகிறார். சொன்ன நாளில் வரமாட்டார். செவ்வாய் என்றால் வியாழன். குழாய் விடும்போது உடைத்த டைலை மாற்றித் தருகிறேன் என்று சொல்லி ஐந்து வாரம் ஆகிறது. அந்த இடத்தில் இன்னும் அட்டைதான் கிடக்கிறது.